ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ் எழுதும் வேகத்தையும் டப்பாவில் அச்சிடச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் வீடியோ மிக்ஸிங் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, சர்ச் விசேஷம் என்று எங்கள் பக்கத்தில் எடுக்கிற வீடியோக்களை மிக்ஸ் பண்ணி வாடிக்கையாளர் கையில் கொடுப்பது என் தொழில். அப்பா காலத்தில் வி.எச்.எஸ். கேசட்டில் கொடுத்தோம். அப்புறம் சி.டி., டி.வி.டி. வந்தது. இப்போது பென் டிரைவும், யூ.எஸ்.பி.யில் மாட்டுகிற வெளி ஹார்ட் டிஸ்கும்தான்.

இந்தக் கடிதம் எழுதக் காரணம், நல்ல டிஸ்கை 'போச்சு' என்று சொல்லித் தூக்கிப் போட வைப்பதும், அதைவிட மோசமாக, உள்ளே இருப்பதை அழித்து ஃபார்மட் அடித்துவிடுவதும் எங்கள் பகுதியில் சர்வ சாதாரணமாக நடக்கிறது என்பதுதான். காப்பி ஆக மாட்டேன் என்கிறது, ராத்திரி போட்டால் விடிந்தும் பாதியில் நிற்கிறது என்று யாராவது சொன்னால், எதையும் பார்க்காமலே தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள். என்னிடம் வருகிறவற்றில் உண்மையிலேயே கெட்டுப்போனவை குறைவு. பெரும்பாலும் கேபிள், இல்லாவிட்டால் சொருகிய இடம், இல்லாவிட்டால் அந்த டிஸ்கின் இயல்பே அதுதான். கடைசியாகச் சொன்ன இதை வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். யாரும் சொல்வதில்லை. டப்பாவும் சொல்வதில்லை.

எம்.சி. ரோட்டுக்குப் பட்டு எடுக்க வருகிற குடும்பம் புடவையைப் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்து, ஜரிகையைத் தடவிப் பார்த்து, இன்னும் நாலு கடை ஏறி இறங்கித்தான் முடிவு செய்யும். அதே குடும்பம் அதே கல்யாணத்தின் வீடியோவை வைத்துக்கொள்ள ஹார்ட் டிஸ்க் வாங்கும்போது, "ஒரு டி.பி. குடுங்க" என்பதோடு சரி. அவர்கள் மேல் குறை இல்லை. வேறு என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள அந்த டப்பாவில் எதுவும் எழுதியிருப்பதில்லை. கொள்ளளவு பெரிய எழுத்தில் இருக்கும். 'யூ.எஸ்.பி. 3.0' என்றோ '5 ஜி.பி.பி.எஸ். வரை', அதாவது நொடிக்கு 5 கிகாபிட் வரை என்றோ ஒரு வரி இருக்கும். அந்த எண் டிஸ்கின் வேகம் இல்லை, அது மாட்டுகிற இணைப்பின் உச்ச வரம்பு. உள்ளே சுழலுகிற சாதாரண இரண்டரை அங்குல டிஸ்க், நல்ல நிலையில், நொடிக்கு 100 முதல் 130 எம்.பி. வரை எழுதும். இணைப்போ 500 எம்.பி.யைத் தாங்கும். இரண்டுக்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

கணக்கு கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பலருக்கு இது உதவும். இப்போது கல்யாணத்தை 4கே-யில்தான் எடுக்கிறார்கள். கேமரா நொடிக்கு 100 மெகாபிட் பதிகிறது என்றால், எட்டு மெகாபிட் சேர்ந்தது ஒரு எம்.பி. என்பதால் எட்டால் வகுக்க வேண்டும், பன்னிரண்டரை எம்.பி. ஆகிறது. ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. வரவேற்பு ஒரு சாயங்காலம், மறுநாள் முகூர்த்தம், இரண்டு கேமரா என்றால் 400 ஜி.பி. என்பது சாதாரணம். இந்த 400 ஜி.பி.யை நொடிக்கு 100 எம்.பி. வேகத்தில் ஏற்றினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். 35 எம்.பி. என்றால் மூன்று மணி நேரம் தாண்டும். 15 எம்.பி. என்றால் ஏழு மணி நேரத்துக்கும் மேலாகும், அதாவது ஒரு முழு ராத்திரி. டிஸ்க் அதேதான், ஃபைலும் அதேதான். நடுவில் ஏதோ ஒன்று மாறியதால் இவ்வளவு வித்தியாசம்.

அந்த ஏதோ ஒன்று பெரும்பாலும் கேபிள்தான். காசிமேட்டிலிருந்து ஒரு பெரியவர் மகள் கல்யாண டிஸ்கை எடுத்துக்கொண்டு வந்தார். "யம்மா, கடைல டிஸ்க் அவுட்டுன்னு சொல்லிட்டாங்க. உள்ள கீறதாவது வருமா பாரு" என்றார். நைலான் பையில் டிஸ்கும், அதோடு ஒரு ஃபோன் சார்ஜர் கேபிளும் இருந்தன. டிஸ்கோடு வந்த கேபிள் வீட்டில் எங்கோ தொலைந்துவிட்டது. இந்த டிஸ்குகளின் வாயை உற்றுப் பார்த்தால் தெரியும். அகலமாக, நடுவில் ஒரு சின்ன இடைவெளியோடு, ஒரு பெரிய பாகமும் அதன் பக்கத்தில் ஒரு சிறிய பாகமுமாக இருக்கும். 'மைக்ரோ பி' என்பது அதுதான். அந்தப் பெரிய பாகத்தில் பழைய ஆண்ட்ராய்டு ஃபோனின் சார்ஜர் கேபிள் கச்சிதமாக உட்காரும். டிஸ்கின் விளக்கும் எரியும், ஃபைலும் தெரியும், காப்பியும் ஆகும். ஆனால் வேகம் தருகிற கம்பிகள் முழுக்கப் பக்கத்துச் சின்ன பாகத்தில்தான் வருகின்றன. அது காலியாகவே இருக்கும். டிஸ்க் யூ.எஸ்.பி. 2.0 என்ற பழைய ஏற்பாட்டுக்கு இறங்கிவிடும். அதன் உச்சம் காகிதத்தில் நொடிக்கு 480 மெகாபிட், நடைமுறையில் 30 முதல் 40 எம்.பி. அதுவும் 2000-ஆம் ஆண்டில் வந்த தரம். கடையில் இருந்த சரியான கேபிளைப் போட்டேன். அவர் கண் முன்னாலேயே காப்பி வேகம் மும்மடங்கு ஏறியது. டிஸ்கில் ஒரு குறையும் இல்லை.

சி டைப் கேபிளிலும் இதே கதை. முனை ஒரே மாதிரி இருக்கிறது என்பதால் எல்லாம் ஒன்று என்று நினைக்கிறோம். சார்ஜருக்கென்று வருகிற பெரும்பாலான சி டைப் கேபிள்களுக்குள் யூ.எஸ்.பி. 2.0 கம்பிகள் மட்டுமே இருக்கும். 2023-ல் வந்த ஐஃபோன் 15-ல் சாதாரண மாடலின் வாயே 2.0 வேகம்தான், ப்ரோ மாடலில்தான் கூடுதல் வேகம். ஃபோனிலேயே கேண்டிட் எடுக்கிற பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது சொருகுகிற இடம். மேசைக் கணினியில் குனிய சோம்பல்பட்டு முன்பக்க ஓட்டையில்தான் எல்லோரும் சொருகுகிறோம். பழைய கேபினட்டுகளில் முன்பக்கம் 2.0 மட்டுமே இருக்கும். சிலவற்றில் நீல நிற வாய் இருந்தும், உள்ளே மதர்போர்டோடு சேர்க்கிற தடிமனான ஒயரை அசெம்பிள் செய்தவர் மாட்டாமலே விட்டிருப்பார். பின்பக்கம், மதர்போர்டிலேயே இருக்கிற வாயில் சொருகிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் உள்ளே நீல நாக்கு இருக்கும், அல்லது பக்கத்தில் 'எஸ்.எஸ்.' என்று போட்டிருக்கும். லேப்டாப்பில் நிறம் கறுப்பாகவும் இருக்கலாம், அதனால் எஸ்.எஸ். குறியைத் தேடுங்கள். விண்டோஸ் சில நேரம் ஓரத்தில், இந்தச் சாதனம் இன்னும் வேகமாக இயங்க முடியும் என்று ஒரு செய்தி காட்டும். அதை எல்லோரும் மூடிவிடுகிறார்கள். மூடாமல் படியுங்கள், அது சரியாகத்தான் சொல்கிறது.

சொருகும் விதமும் முக்கியம் என்றால் நம்ப மாட்டீர்கள். 3.0 பிளக்கின் உள்ளே இரண்டு வரிசைத் தொடர்புகள் இருக்கின்றன. பழைய நான்கு, உள்ளே தள்ளிப் புதிய ஐந்து. மெதுவாகச் சொருகினால் முதல் நான்கு தொட்டவுடனே கணினி '2.0 டிஸ்க்' என்று முடிவு செய்துகொள்வது உண்டு. கழற்றி, ஒரே அழுத்தாக மறுபடியும் சொருகினால் சரியாகும். எங்கள் பக்கம் கடல் காற்று வேறு. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் வீடுகளில் பீரோவுக்குள் வைத்த டிஸ்கின் வாயில்கூடப் பச்சை பூத்ததைப் பார்த்திருக்கிறேன். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கிற ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டினால் போதும். தண்ணீரோ தேங்காய் எண்ணெயோ தயவுசெய்து போட வேண்டாம்.

ஒரு யூ.எஸ்.பி. ஹப்பில் நாலைந்து சாமான் மாட்டி, அதிலேயே டிஸ்கையும் மாட்டுகிற பழக்கமும் இருக்கிறது. வேகம் பங்காகும் என்பது ஒரு பக்கம். மின்சாரமும் பங்காகும். 2.0 வாய் 500 மில்லி ஆம்பியர்தான் தரும், 3.0 வாய் 900. சுழலும் டிஸ்குக்கு அது பற்றாமல் போனால் உள்ளே எழுதிப் படிக்கிற தலை தட்டும் சத்தம் 'டிக் டிக்' என்று கேட்கும். உடனே டிஸ்க் செத்துவிட்டது என்கிறார்கள். நேராகக் கணினியில், குட்டையான கேபிளில் மாட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்லலாம்.

நோயை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கிறவர்களுக்கு நான் காட்டுவது விண்டோஸ் காப்பி பெட்டியைத்தான். 'மோர் டீடெய்ல்ஸ்' என்று கீழே இருப்பதைத் தட்டினால் பச்சை வரைபடம் விரியும். அதன் உருவத்தைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். 30, 40-ல் ஒரே மட்டமாக, தரை மாதிரி ஓடினால், டிஸ்கில் தப்பில்லை, 2.0-வில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கேபிளையும் வாயையும் மாற்றுங்கள். ஆரம்பத்தில் 100-க்கு மேல் எகிறி, கொஞ்ச நேரத்தில் 10, 20-க்கு இறங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டால் அது வேறு சமாச்சாரம், கீழே சொல்கிறேன். பூஜ்ஜியத்துக்கு விழுவதும் எழுவதுமாக, நடுநடுவே கணினியே உறைந்து நின்றால்தான் கவலைப்பட வேண்டும். காப்பி எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். மெமரி கார்டு ரீடர் பழைய 2.0 ஆக இருந்தால், மறுமுனையில் எவ்வளவு நல்ல டிஸ்க் இருந்தாலும் ரீடரின் வேகம்தான் கிடைக்கும்.

ஏறி இறங்குகிற அந்த வரைபடத்துக்கு வருகிறேன். இங்கேதான் டப்பாவின் மௌனம் வாடிக்கையாளருக்கு அதிகக் கெடுதல் செய்கிறது. பென் டிரைவ் டப்பாவில் '150 எம்.பி. வரை' என்று இருக்கும். அது படிக்கும் வேகம். எழுதும் வேகத்தை அதிலே தேடினால் பல கம்பெனி டப்பாக்களில் கிடைக்காது. உள்ளே ஒரு சின்னப் பகுதியை மட்டும் வேகமாக எழுதுகிற இடமாக வைத்திருக்கிறார்கள். முதல் சில ஜி.பி. அதில் சரசரவென்று விழும். அந்த இடம் நிறைந்ததும் உண்மையான வேகம் தெரியும். ரீல்ஸும் பாட்டும் ஏற்றுகிறவருக்கு இது தெரியவே தெரியாது. ஒரு முகூர்த்த வீடியோவை முழுசாக ஏற்றுகிறவருக்கு முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

பெரிய ஹார்ட் டிஸ்குகளில் இன்னொன்று இருக்கிறது. குறைந்த விலையில் அதிக இடம் கொடுக்க, தடங்களைக் கூரை ஓடு மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறியபடி எழுதும் முறையைப் பல டிஸ்குகளில் வைத்திருக்கிறார்கள். எஸ்.எம்.ஆர். என்பார்கள். படிக்கும்போது வித்தியாசம் இல்லை. புது டிஸ்கில் முதல் தடவை ஏற்றும்போதும் பெரிதாகத் தெரியாது. ஆனால் ஏற்கெனவே எழுதிய இடத்தை அழித்து மறுபடி எழுதும்போது பக்கத்துத் தடங்களையும் சேர்த்து எழுதியாக வேண்டும். தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் இடம் நிறைந்துவிட்டால் வேகம் பாதாளத்துக்குப் போகும். சில நேரம் ஒற்றை இலக்க எம்.பி. வரைக்கும்கூட. டிஸ்க் கெடவில்லை. கொஞ்ச நேரம் மின்சாரத்தோடு சும்மா விட்டால் அது தானாகவே உள்ளே ஒழுங்குபடுத்திக்கொண்டு மறுபடி வேகம் எடுக்கும். உலகம் முழுக்க வாடிக்கையாளர்கள் கேள்வி கேட்ட பிறகு, 2020-ல்தான் பெரிய டிஸ்க் கம்பெனிகள் எந்தெந்த மாடலில் இந்த முறை இருக்கிறது என்று பட்டியல் வெளியிட்டன. அந்தப் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. வண்ணாரப்பேட்டையில் டிஸ்க் வாங்குகிற அம்மாவின் கையில் இருக்கிற டப்பாவில் அது இருக்கிறதா? நான் பார்த்த டப்பா எதிலும் இல்லை.

டிஸ்க் நிறைய நிறைய வேகம் குறைவதும் இயல்புதான். சுழலும் தட்டின் வெளி வட்டத்தில் ஒரு சுற்றுக்கு அதிக இடம், உள் வட்டத்தில் குறைவு. வழக்கமாக வெளியிலிருந்து உள்ளே எழுதிக்கொண்டு போகும். கடைசிப் பகுதிக்கு வரும்போது ஆரம்ப வேகத்தில் ஏறக்குறைய பாதிதான் இருக்கும். இதைக் காட்டி "டிஸ்க் வீக் ஆயிடுச்சு, புதுசு வாங்குங்க" என்று விற்பது தப்பு.

குட்டி ஃபைல்கள் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாலு பெரிய வீடியோ ஃபைல் ஏற்றுவதும், அதே அளவுக்கு ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல் ஏற்றுவதும் ஒன்றில்லை. ஒவ்வொரு ஃபைலுக்கும் பெயர் பதிந்து, இடம் குறித்து, கணக்கை மூடி, அடுத்ததுக்குப் போக வேண்டும். வாட்ஸ்அப் ஃபோல்டரை அப்படியே இழுத்துப் போடுகிறவர்கள் இதில்தான் மாட்டுவார்கள். கணினியிலேயே 7-ஜிப் என்ற மென்பொருள் போட்டு ஒரே ஃபைலாகக் கட்டுங்கள். படமும் வீடியோவும் ஏற்கெனவே சுருங்கியவை என்பதால் 'ஸ்டோர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள், சுருக்கச் சொல்லி நேரம் வீணாக்க வேண்டாம். ஆன்டிவைரஸ் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பதும் நேரம் பிடிக்கும். ஆனாலும் அதை அணைக்கச் சொல்ல மாட்டேன். ஜெராக்ஸ் கடைகளுக்குப் போய்வந்த பென் டிரைவில் ஃபோல்டர்களை மறைத்து ஷார்ட்கட்டாகக் காட்டுகிற வைரஸ் இன்றைக்கும் வருகிறது.

விண்டோஸில் டிஸ்கின் 'பாலிசீஸ்' பக்கத்தில் 'பெட்டர் பெர்ஃபாமன்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. 2018 கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து வெளி டிஸ்குகளுக்கு அது அணைந்தேதான் இருக்கிறது, 'க்விக் ரிமூவல்'தான் வழக்கம். அதை மாற்றினால் குட்டி ஃபைல் வேகம் கொஞ்சம் கூடும். ஆனால் ஏற்றியதில் கொஞ்சம் கணினியின் நினைவகத்திலேயே தங்கியிருக்கும் சமயத்தில் கரண்ட் போனாலோ, 'சேஃப்லி ரிமூவ்' கொடுக்காமல் பிடுங்கினாலோ அந்தப் பகுதி போய்விடும். யூ.பி.எஸ். இல்லாத வீட்டில் வேகத்தைவிடக் கல்யாண வீடியோ முக்கியம். நான் என் கடையில் அதைத் தொடுவதில்லை.

இத்தனை பார்த்த பிறகும் சரியாகாவிட்டால்தான் டிஸ்கைச் சந்தேகப்பட வேண்டும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க் தன்னைப் பற்றியே வைத்திருக்கும் குறிப்பைக் காட்டும். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் ஆபத்து. 05, சி5 என்ற வரிசைகளில் எண் ஏறிக்கொண்டே போனால் தட்டில் இடங்கள் கெட்டுக்கொண்டிருக்கின்றன. அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். புதிதாக எதையும் ஏற்றாமல், உள்ளே இருக்கிற முக்கியமானதை முதலில் வெளியே எடுக்க வேண்டும். ஃபார்மட் செய்யவே கூடாது. இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. போன வருடம் ஒரு தம்பி தன் அப்பாவின் கடைசி பிறந்தநாள் வீடியோ இருந்த டிஸ்கைக் கொண்டுவந்தான். ஒரு கடையில் 'ஸ்லோவா இருக்கு' என்றதற்கு, கேட்காமலே ஃபார்மட் அடித்து, அதன் மேல் படங்களையும் ஏற்றிக் கொடுத்திருந்தார்கள். அப்பா உயிரோடு இல்லை. என்னால் சில நிமிடத் துண்டுகள்தான் மீட்க முடிந்தது. அந்த டிஸ்கை நான் சோதித்துப் பார்த்தேன். நீலம்தான் காட்டியது.

மலிவு விலைக்கு '2 டி.பி. பென் டிரைவ்' என்று விற்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. உள்ளே இருப்பது சில ஜி.பி.தான், கணினிக்கு மட்டும் 2 டி.பி. என்று பொய் சொல்லும்படி அமைத்திருப்பார்கள். நிறைந்த பிறகு பழையதின் மேலேயே எழுதிக்கொண்டு போகும், பெயர் தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது. வேகமும் நத்தைதான். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் டிரைவை முழுக்க நிரப்பித் திரும்பப் படித்து உண்மைக் கொள்ளளவைச் சொல்லிவிடும். வாங்கியவுடன், எதுவும் ஏற்றுவதற்கு முன், அதை ஒரு தடவை ஓடவிடுங்கள்.

இப்போது என் கோரிக்கை. கேமராவில் போடுகிற மெமரி கார்டை எடுத்துப் பாருங்கள். நகம் அளவு இடத்தில் 'சி' வட்டத்துக்குள் 10 என்றோ, 'யு' எழுத்துக்குள் 3 என்றோ, 'வி30' என்றோ அச்சிட்டிருக்கும். அதெல்லாம் குறைந்தபட்சம் எழுதும் வேகம். 10 என்றால் நொடிக்கு 10 எம்.பி.க்குக் கீழே போகாது, வி30 என்றால் 30-க்குக் கீழே போகாது. 2006-லேயே இந்த வகுப்பு முறை வந்துவிட்டது, 2016-ல் வீடியோவுக்கென்றே வி வரிசையும் வந்தது. அதனால்தான் எங்கள் தொழிலில் கார்டு வாங்குகிற சின்னப் பையனும் "வி30 குடுங்க, வி60 குடுங்க" என்று தெளிவாகக் கேட்டு வாங்குகிறான். நகம் அளவு கார்டில் முடிந்தது, உள்ளங்கை அளவு டிஸ்கின் டப்பாவில் ஏன் முடியாது? பெரும்பாலும் கார்டும் டிஸ்கும் ஒரே கடையில், ஒரே அலமாரியில்தான் இருக்கின்றன.

பொதி செய்த பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவு விதிகளின்படி, தயாரித்தவர் பெயர், நிகர அளவு, அதிகபட்ச சில்லறை விலை, புகார் செய்ய வேண்டிய முகவரி எல்லாம் டப்பாவில் இருந்தாக வேண்டும். ஃபிரிட்ஜிலும் ஏ.சி.யிலும் மின்சாரம் எவ்வளவு தின்னும் என்று நட்சத்திரம் ஒட்டுகிற திட்டம் 2006-லிருந்து நடக்கிறது, அதைப் பார்த்துத்தான் இன்றைக்கு எல்லோரும் வாங்குகிறார்கள். அதே வழியில், தகவல் சேமிக்கிற எந்தப் பொருளானாலும், தொடர்ந்து பெரிய ஃபைல் எழுதும்போது நிலைத்து நிற்கிற குறைந்தபட்ச வேகம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் என்றால் அது எஸ்.எம்.ஆர். முறையா இல்லையா, கூட வருகிற கேபிள் 2.0-வா 3.0-வா என்ற மூன்றையும் டப்பாவின் வெளியே, விலை போடுகிற அளவு எழுத்திலேயே போட வேண்டும் என்று நுகர்வோர் விவகாரத் துறை விதி செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் விற்கிற டப்பாவில் இதைத் தமிழிலும் போட்டால் எங்கள் பக்கத்து அம்மாக்களுக்கு இன்னும் நல்லது. 3.0 என்ற பெயரையே 3.1 ஜென் 1 என்றும், அப்புறம் 3.2 ஜென் 1 என்றும் மாற்றிக்கொண்டே போனார்கள், வேகம் அதேதான். அந்தப் பெயர் விளையாட்டைத் தாண்டி ஒரே ஒரு எண், நொடிக்கு இத்தனை எம்.பி. எழுதும் என்று இருந்தால் போதும்.

விதி வரும் வரை கடைக்காரர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. விற்பதற்கு முன், கடையிலுள்ள கணினியில் 10 ஜி.பி.க்குக் குறையாத ஒரே ஃபைலை வாடிக்கையாளர் முன்னாலேயே ஏற்றிக் காட்டலாம். நல்ல டிஸ்க் என்றால் ஐந்து நிமிடம் ஆகாது. இதைக் கேட்டு வாங்குங்கள் என்று உங்கள் நாளிதழ் வாசகர்களிடம் சொல்லுங்கள். டப்பாவில் சொன்ன கொள்ளளவோ வேகமோ இல்லாவிட்டால் பில்லை வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் செய்யலாம். பில் இல்லாமல் விற்கிறவர்களிடம் டிஸ்க் வாங்கவே வேண்டாம்.

காப்பி மெதுவாக ஆகிறது என்று டிஸ்கோடு யார் வந்தாலும், முதலில் கேபிளை மாற்றி, பின்பக்க வாயில் மாட்டி, பச்சை வரைபடத்தைப் பார்த்துவிட்டு, வாடிக்கையாளர் எழுத்தில் சம்மதம் கொடுத்தாலன்றி ஃபார்மட் என்ற பேச்சையே எடுக்க வேண்டாம் என்று சர்வீஸ் கடை நடத்துகிற சகோதரர்களையும் இந்தக் கடிதத்தின் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வீடியோ மிக்ஸிங் கடை நடத்தும் வாசகி,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை – 21.